இருபது சென்டிமீட்டர் உயர்ந்த மேசை

மார்ச் 4, திங்கள்
முப்பத்தெட்டாவது நோயாளி. முதுகெலும்பு அறுவை, குப்புறப் படுக்கை. மயக்க மருந்து கொடுப்பவன் நான்; இரண்டில் எந்த அழுத்தம் குறைக்கும் மருந்து என்று சொல்லும் ஆய்வு உறையைப் பிரித்தேன்: நைட்ரோகிளிசரின். ரத்தம் குறைவாகக் கசிய, சராசரி ரத்த அழுத்தத்தை அறுபத்தைந்தில் பிடித்துவைத்தேன். இன்னும் இருபத்திரண்டு பேர், ஆய்வேடு, ஜூனில் தேர்வு.

மார்ச் 7, வியாழன்
இன்று உறையில் மற்ற மருந்து, டெக்ஸ்மெடிடோமிடின். அதில் நாடித்துடிப்பு ஏறும், இதில் இறங்கும். ரத்தக்கசிவு இதனால் மாறுமா? இல்லை, அழுத்தம் ஒன்றானால் எந்த மருந்தும் ஒன்றுதானா?

மார்ச் 9, சனி
மருந்தை வைத்துப் பிரித்தால் அட்டவணையில் ஒன்றுமில்லை. அறுவை மருத்துவரை வைத்துப் பிரித்தால் பளிச்சென்று தெரிகிறது. 'ஏணி' செய்த பதினேழிலும் ரத்த இழப்பு குறைவு. (ஆறடி மூன்றங்குலம், பெயர் அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும்.) அவரிடமே சொன்னேன். “கை அப்படிப்பா” என்றார். அப்புறம் அவர் கால் தரையில் பாவவில்லை.
கை மட்டுமா? நம்பமாட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்
அழுத்தமானிச் சென்சாரை நோயாளியின் இதய மட்டத்தில் கம்பத்தில் கட்டினேன். ஏணி வந்தார். “குனிஞ்சு குனிஞ்சு அடுத்து என் முதுகத்தான் வெட்டணும்” என்று மேசையை இருபது சென்டிமீட்டர் உயர்த்தினார். நோயாளி மேலே போனார். சென்சார் கம்பத்திலேயே நின்றது. திரையில் அறுபத்தைந்து எண்பதாயிற்று. கத்தி பட்டதால் ஏறுகிறது என்றுதான் இதுவரை நினைத்தேன். கை தன்னால் மருந்துப் பம்புக்குப் போனது —
அடப்பாவி. எண்பது இல்லடா அது. அறுபத்தஞ்சேதான். சென்சார் இதயத்துக்குக் கீழே நின்றால் கூட்டித்தான் காட்டும்.
“என்ன தம்பி, செலையா நிக்கறீங்க?” என்றார் நர்ஸ் அக்கா. சென்சாரை உயர்த்தினேன்.
அப்படியென்றால், மருந்தைக் கூட்டித் திரையில் அறுபத்தைந்துக்கு நான் இறக்கிய அந்தப் பதினேழு பேருக்கும் நிஜத்தில் ஐம்பது. ரத்தம் ஏன் கசியும்? தண்டுவடத்துக்கும் கண்ணுக்கும் போதுமான ரத்தம் போயிருக்குமா என்பதுதான் கேள்வி.

மார்ச் 13, புதன்
பதினேழு பேரையும் தொலைபேசியில் பிடித்தேன். கால் மரத்துப்போகிறதா, பார்வை எப்படி என்று கேட்டேன். எல்லோரும் நலம். அவர்களில் ஒரு தையல்காரம்மா மட்டும் விடவில்லை. “ஊசில நானேதான் நூல் கோக்கறேன். ஏன் கேக்கறீங்க?”
சென்சார் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.
“எம்மேல பாத்துக் கத்துக்கிட்டீங்களாக்கும்.”


மார்ச் 14, வியாழன்
நடந்ததை எழுதிக்கொடுத்தேன். ஆய்வு வழிகாட்டி மேடம் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “பதினேழ மட்டும் தூக்கிட்டு மிச்சத்த வச்சுக்கலாமா?”
“மத்ததுல மேசைய யாரும் ஏத்தலன்னு சொல்ல முடியாது மேடம். நான் குறிச்சு வைக்கல.”
“அப்ப ஜூன் இல்ல.”
“இல்ல.”
“நெறிமுறைக் குழுவுக்கு நீயே எழுது. தப்பு யாருதுன்னும் எழுது.”
எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அம்மாவிடம் சொன்னால், “உன்னப் பெத்தவளுக்கும் ஏதாவது போட்டு பிரஷர எறக்குடா” என்கிறாள்.

ஏப்ரல் 22, திங்கள்
ஆய்வைப் புதிதாகத் தொடங்கக் குழுவின் அனுமதி வந்து முதல் அறுவை. கத்தி எடுக்கும் முன் ஏணி திரும்பிப் பார்த்தார். “மேசையத் தூக்கறேன். உன் டப்பாவத் தூக்கு.”
தூக்கினேன். மட்டம் பார்த்தேன். நோயாளியின் கையில் கட்டிய அழுத்தப்பட்டையின் அளவும் சென்சாரின் அளவும் ஒத்துப்போயின. மேசையின் உயரத்துக்குப் படிவத்தில் இப்போது தனிக் கட்டம் உண்டு, நிரப்பினேன்.
நோயாளி எண்: ஒன்று.