பத்தொன்பது நாள்

1956 ஆகஸ்ட் 1, புதன்

என் மகளை நான் மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகப் போடி கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. செல்லக்கிளி ஆறு மாதக் கர்ப்பத்தோடு புருஷன் வீட்டு ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து அடிவாரத்துக் குரங்கணி வரை தன் காலால் இறங்கி வந்தாள். நான் ஜீப்பை வைத்துக்கொண்டு குரங்கணியில் காத்திருந்தேன். அவ்வளவுதான்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்களாம். அதுவும் தவறு. அவளுக்குப் பயம். மழைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி, வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் பயப்பட மாட்டாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், அடைமழையில் அவளை டோலியில் வைத்து இறக்கினார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை.

காலத்தோடு அவளைக் கீழே அனுப்பி வைக்காதவள் அவள் மாமியார் வீரலட்சுமி. இந்த முறை அதோடு நிற்கவில்லை. முனி பிடித்திருக்கிறது என்று கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடிக்க வைத்திருக்கிறாள். செல்லக்கிளியின் தோளில் வேப்பங்குச்சித் தடம் இரண்டு இருக்கிறது. நானே பார்த்தேன்.

வீரலட்சுமி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அறுபத்துமூன்று வயது. அவசரமில்லை. ஆனால் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 2, வியாழன்

டாக்டர் ஏலியம்மாவிடம் போனோம். கோட்டயத்துக்காரி, சீமையில் படித்தவள், நாற்பது வயதிருக்கும். நாடி பார்த்தாள், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறது. மருந்து எழுதுவாள் என்று பார்த்தால் எழுதவில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் செல்லக்கிளி வந்து பேச வேண்டுமாம். அதுதான் வைத்தியமாம்.

"என்ன பேச வேண்டும்?" என்றேன்.

"அது மோளுக்கு அறியும். அம்மே, நிங்கள் வெளியில இரிக்கணும்."

என்னை! வெளியே! முப்பத்தேழு வயதில் பெற்ற ஒரே மகள் என்ன பேசுகிறாள் என்று நான் கேட்கக்கூடாதாம். கதவைச் சாத்திவிட்டாள். நான் படித்த கான்வென்ட்டில்கூட என்னை யாரும் கதவுக்கு வெளியே நிறுத்தியதில்லை.

இருந்தாலும் ஒன்று செய்தேன். வரும்போது டாக்டரிடம், தோளில் இருக்கும் தடத்தைப் பற்றி ஒரு சர்டிபிகேட் எழுதித் தரக் கேட்டேன். மதுரையில் என் வக்கீல் இருக்கிறார். அவருக்கு அது போதும்.

"வைத்தியத்துக்கு வேண்டியது நான் எழுதும். வழக்குக்கு வேண்டியது, மோள் கேட்டால் மாத்திரம்."

மோள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

நேற்று இரண்டாவது தடவை. வெளியே வந்ததும் அவள் கண் சிவந்திருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள்.

வைத்தியத்தின் பெயரால் என் மகளை அழவைப்பதற்கு நான் வாரம் தவறாமல் கூட்டிப் போக வேண்டுமா?

ஆகஸ்ட் 17, வெள்ளி

டாக்டர் ஒரு விநோதமான கட்டளை போட்டிருக்கிறாள். பயத்துக்கு ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணி முதல் நாலேகால் வரை செல்லக்கிளி உட்கார்ந்து பயப்படலாம், அழலாம், என்னென்ன நடந்துவிடுமோ என்று சொல்லலாம். மற்ற வேளையில் பயம் வந்தால், "நாலு மணிக்கு வா" என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

சமையல்காரி முனியாயி அடுப்படியில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். "ஆத்தா, இந்தச் சோலி எனக்கும் ஆகும்போல இருக்கே! எம் புருசன் சண்டைக்கு வந்தா நாலு மணிக்கு வாய்யான்னுருவேன்."

செல்லக்கிளியும் சிரித்தாள். வந்து பதினேழு நாளில் முதல் சிரிப்பு.

கடிகாரம் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நாலேகால் ஆனதும் சொல்லிவிடுவேன். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

தூறல். டாக்டர் சொன்னபடி அவளை முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தேன். முதல் நாள் ஐந்து நிமிஷம். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது. ஐந்தாவது நிமிஷம் உள்ளே போகலாம் என்றேன். "இன்னும் ஒரு நிமிசம்" என்றாள்.

செப்டம்பர் 6, வியாழன்

இன்று வீரலட்சுமி வந்தாள். நான் காத்திருந்த நாள்.

அவள் மகன், என் மருமகன் சோலைமலை ஜீப்பை வாசலில் நிறுத்தினான். தூக்குவாளியில் புளிச்சோறு, அதிரசம், ஒரு மஞ்சள் பையில் ஏலக்காய் - மாசமாக இருப்பவளுக்கு வாய்க்கு ருசியாகக் கொண்டுவந்தாளாம். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பத்திரிகை படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வரி விளம்பரம் உட்பட. ஒரு மணி நேரம் ஆயிற்று.

வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏத்தா முனியாயி, இங்கிலீசு படிச்சவுக வீட்டுல தண்ணிக்கும் மனுப்போடணுமா?"

முனியாயி என்னைக் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

வெளியே போய் நின்றேன். "செல்லக்கிளி தூங்குகிறாள். பார்க்க முடியாது."

"பாக்காட்டிப் போகுது மதினி. இதைக் குடுத்துருங்க. மருமக எப்படி இருக்கா, அதை மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"கோடாங்கியைக் கேளுங்கள். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் முகம் இறுகிப்போயிற்று. சோலைமலை, "வாங்காத்தா, போவோம்" என்று கையைப் பிடித்தான். அவள் எழுந்திருந்து, படியில் வாளியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "தப்புத்தேன். பயந்து போயி செஞ்சேன். ஒத்தப் பிள்ளையக் குழியில வச்ச கை இது மதினி. ஒங்க கை இல்ல."

நல்ல நடிப்பு. வாளியை மாட்டுக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிள்ளை பிறந்தால் அவளுக்குச் செய்தி போகாது. கற்கண்டும் போகாது. ஊரில் யாராவது சொல்லித் தெரிந்துகொள்ளட்டும். பெயரும் என் வீட்டுப் பெயர்தான். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 7, வெள்ளி

செல்லக்கிளி தூங்கவில்லையாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாளாம். காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. நாலு மணிக்கு நான் கடிகாரத்தோடு போனால், "இன்னைக்கு நானே பாத்துக்கிறேன்" என்கிறாள்.

செப்டம்பர் 13, வியாழன்

டாக்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்தாள். செல்லக்கிளிதான் கேட்டாளாம்.

நான் உட்கார்ந்தேன். செல்லக்கிளி என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். முதலில் "நீங்க" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த வருசம் எனக்கு ஏழாம் மாசம் பொறந்ததும் ஒங்களுக்குக் கடுதாசி போட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. பதில்ல என்ன எழுதினீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"பொறுத்திரு. அந்த ஒரு வார்த்தைதான். பத்தொம்போது நாள் பொறுத்திருந்தேன். தெனமும் வெடிஞ்சதும் ஒத்தையடிப்பாதை திரும்புற எடத்துல போயி நிப்பேன். யாரும் வரல. அப்பறம் மழை பிடிச்சுக்கிச்சு. நீ ஏம்மா வரல? எனக்கு மழை பயமில்லம்மா. யாரும் வரமாட்டாகன்னுதான் பயம்."

உன் மாமியாரைக் கேள் என்றேன். அவள் என்னை எப்படி அவமதித்தாள் தெரியுமா என்று கேட்டேன். முறைப்படி கூட்டிப்போக வரும்போது சுமங்கலிகளை அனுப்பச் சொல்லுங்கள், அவுக வர வேண்டாம் - ஆள்விட்டுச் சொன்னாளே! விதவை படியேறினால் ஆகாதாம். பெற்றவள் ஆகாதாம். என் தோட்டத்துப் பத்திரத்தில் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். என் மகளை அழைக்க மட்டும் என் கழுத்தைப் பார்க்கிறாள். அவள்தான் உன்னை அனுப்பவில்லை - கத்திவிட்டேன் போலிருக்கிறது.

"அத்தை ரெண்டு சுமங்கலிய அனுப்பத்தானம்மா சொன்னாக. ஏன் அனுப்பல?"

டாக்டர் தண்ணீர்க் கூஜாவை என் பக்கம் நகர்த்தினாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, வெள்ளி

மாமியார் வீட்டில் பேசிப் பேசி அவள் மனதைக் கெடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது நாள் இருக்கவே முடியாது. ஐந்தாறு நாள் இருக்கலாம். 1954ஆம் வருஷத்து நாட்குறிப்பு பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துத் தேதியோடு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

செப்டம்பர் 15, சனி

எடுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 20, வியாழன்

அவளை முனியாயியோடு அனுப்பினேன். நான் போகவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

1954 அக்டோபர் 3ஆம் தேதி, என் கையெழுத்தில்: "வீரலட்சுமி சொல்லியனுப்பியது கேட்டேன். அவளே இறங்கிவந்து என்னை அழைக்கட்டும். அதுவரை இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் மலையேறக்கூடாது." 9ஆம் தேதி: "சிலமலையிலிருந்து எங்கள் உறவு கருத்தம்மாள் வந்தாள். தானும் தன் மருமகளும் போய்க் கூட்டிவருவதாகச் சொன்னாள். இரண்டு பேரும் சுமங்கலிகள். வேண்டாம் என்றேன்." 15ஆம் தேதி: "வீரலட்சுமி இன்னும் வரவில்லை. பொறுக்கட்டும். இதில் நான் தோற்கப்போவதில்லை." 22ஆம் தேதி: "நேற்று முதல் கனத்த மழை. குரங்கணிப் பாதை சரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்."

மூன்றிலிருந்து இருபத்திரண்டு. கழித்துப் பார்த்தேன். பத்தொன்பது.

என் மகளின் பெயர் அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு இடத்திலும் இல்லை. வீரலட்சுமி பெயர் பதினோரு இடத்தில் இருக்கிறது.

இரண்டு வருஷமாக நான் யாரைத் தேடி அலைந்தேன்? பழிவாங்க வேண்டிய ஆள் வீட்டிலேயேதான் இருந்திருக்கிறாள், தினமும் தலை வாரிக்கொண்டு, கணக்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு. அவளை என்ன செய்வது? எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது?

செப்டம்பர் 27, வியாழன்

செல்லக்கிளியோடு போனேன். கூப்பிடாமலே உள்ளே போய் உட்கார்ந்தேன். பழைய நாட்குறிப்பை எடுத்துப்போயிருந்தேன். சுருக்கிச் சொல்லாமல், விளக்கம் சொல்லாமல், மூன்றாம் தேதியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். பதினைந்தாம் தேதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். செல்லக்கிளி புத்தகத்தை வாங்கி மீதியைத் தானே படித்தாள்.

அதை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "டோலிக்குப் பக்கத்துலயே அத்தை நடந்து வந்தாக. செருப்பில்லாம. காலெல்லாம் அட்டை. எங் கைய விடல" என்றாள்.

இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பி வரும் வழியில் கொய்யாப்பழம் வேண்டும் என்றாள். வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 8, திங்கள்

நல்ல மழை. தகரத்துக்குக் கீழே நாற்பது நிமிஷம். பிள்ளை உதைத்ததாம், என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். நாலு மணிச் சோலி இப்போது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. சில நாள் மறந்தே போகிறாள்.

கோடாங்கி விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. அந்தத் தடம் மங்கிவிட்டது. எனக்கு மங்கவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

டாக்டர் கேட்டாள், பிரசவத்தின்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று.

"அம்மாவும் அத்தையும்," என்றாள் செல்லக்கிளி. "ரெண்டு பேரும் ஒரே ரூம்புல. சண்டை போட்டா வெளியே தள்ளிக் கதவச் சாத்திருங்க டாக்டரம்மா."

"அது நான் நோக்கிக்கொள்ளும்," என்றாள் ஏலியம்மா.

செல்லக்கிளி வளைகாப்பைப் பற்றியும் ஒன்று சொன்னாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 20, சனி

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. தபாலில் சேர்ப்பதற்கு முன் இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

"சம்பந்தி வீரலட்சுமி அம்மாளுக்கு, ஜக்கம்மாள் எழுதுவது.

செல்லக்கிளி நலம். வயிற்றுப் பிள்ளையும் நலம். செப்டம்பர் 6ஆம் தேதி நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இதுவே அந்தப் பதில்.

1954இல் செல்லக்கிளி பத்தொன்பது நாள் காத்திருந்ததற்குக் காரணம் நீங்கள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். ஆள் அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பாதவள் நான். இதை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம்.

நீங்கள் சொல்லியனுப்பிய வார்த்தை தவறு. கோடாங்கி அடித்ததும் தவறு. அவற்றை நான் மன்னிக்கவில்லை. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து வரும் புதன்கிழமை இங்கே வளைகாப்பு. செல்லக்கிளி தன் வலது கையில் முதல் வளையலை நீங்கள் போட வேண்டும் என்கிறாள். இடது கையில் நான் போட வேண்டும் என்கிறாள். நான் போடலாமா என்று ஊரைக் கேட்கப்போவதில்லை. உங்களை மட்டும் கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் வளைகாப்பு இல்லை. அப்போதும் பிரசவத்துக்கு நீங்கள் வந்தாக வேண்டும், அது அவள் விருப்பம்.

இந்த முறை ஆள்விட்டுச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எழுத வராது என்பது தெரியும். சோலைமலை எழுதட்டும், வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். சரி, இல்லை, எதுவானாலும் இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் அனுப்பவும்."