பகலில் சொருகும் கண்

3 மார்ச் 2025, திங்கள்
சித்தூர் சிக்னலில் பள்ளி பஸ்ஸை நிறுத்தினேன். அடுத்து நினைவிருப்பது பின்னால் அடித்த ஹாரன்தான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ. உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களை ஏற்றி இறக்கும் சென்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னாண்ணா, தூங்கிட்டியா?"
"இல்லம்மா, கண்ணுல தூசி."
பொய்.

6 மார்ச்
சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிட்டேன். என் மனைவி வெங்கடலட்சுமி உலுக்கி எழுப்பினாள். "துன்னுக்கினே தூங்குறியே! நாளைக்கே டாக்டராண்ட போலாம்."

11 மார்ச்
ஸ்கேன் வந்தது. மூளையில் நாலைந்து இடத்தில் வெள்ளைப் புள்ளிகள். சித்தூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இருபதாம் தேதி திருப்பதியில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

13 மார்ச்
புள்ளியா, கட்டியா? அதனால்தான் தூக்கமா? யாரைக் கேட்பது?

17 மார்ச், திங்கள்
வெயிலுக்காக அரை நாள் பள்ளி, மதிய டிரிப். குடிபாலா தாண்டி முன்சக்கரம் மண்ணில் இறங்கிய குலுக்கலில்தான் கண் திறந்தேன். எதிரே புளியமரம். எப்படித் திருப்பினேன்? தெரியல. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சீட்டிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. அவ்வளவுதான் — அவ்வளவுதானா? அய்யோ, அந்த மரம்...
சென்னம்மா ரத்தத்தைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

18 மார்ச்
நானே போய்ச் சாவியைப் பள்ளி மேனேஜர் கோவர்த்தனன் மேஜைமேல் வைத்தேன். ஸ்கேனையும் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.
"எத்தினி நாளா, திருவேங்கடம்?"
"மூணு மாசமா சார்."
"எம் பொண்ணும் அந்த பஸ்லதானேய்யா வருது."
 

20 மார்ச், திருப்பதி
டாக்டரம்மா ஸ்கேனைப் பிரிக்கும் முன்பே கேட்டார்: "குறட்டை விடுவீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். வெங்கடலட்சுமி குறுக்கே புகுந்தாள்.
"மூச்சே நின்னுபூடுதும்மா. தட்டினாத்தான் வருது. ரெண்டு வருசமா நான் முழிச்சிக்கினு பாத்துக்கினு கீறேன்."
எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் சொல்லலை?
"வண்டி ஓட்டுற ஆளு, பயந்துக்குவன்னுதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.
கட்டி எதுவும் இல்லையாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் பகலில் கண் சொருகும், பிரஷர் ஏறும் என்றார் டாக்டரம்மா. புள்ளிகளும் அதனால் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இந்த ஒரு படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

28 மார்ச்
தூக்கச் சோதனையின் முடிவு: ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை மூச்சு நின்றிருக்கிறது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின். பிரஷருக்கு மாத்திரை. இப்போதைக்கு வண்டியைத் தொடக்கூடாது.

9 ஏப்ரல்
இன்று மதியம் தூங்கவில்லை.

12 ஜூன், வியாழன்
பள்ளி திறந்தாயிற்று. பஸ்ஸை வேறொருவர் ஓட்டிப்போனார். எனக்குப் பள்ளி கேட்டில் காவல் வேலை. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்கிறார் கோவர்த்தனன். மறு ஸ்கேன் வருஷக் கடைசியில். அதுவரை புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்கட்டும்.
காலையில் நான் கிளம்பும்போது வெங்கடலட்சுமி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மணி வெயில் முகத்தில் அடித்தும் அசையவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.