அப்பாவின் இரண்டு டெராபைட்

மார்ச் 4
அக்காவின் பதிவுத் திருமணம் பதினாறாம் தேதி. படம் எடுப்பது நான்தான், வேறு ஆள் கிடையாது. "மானத்தை வாங்கிடாதடா" என்றாள். மின்னணுவியல் படித்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 6
அப்பா நடைபாதைக் கடையில் மெமரி கார்டு வாங்கி வந்திருக்கிறார். இரண்டு டெராபைட்டாம்!
"போலிப்பா."
"ரெண்டு டிபின்னு அதுலயே போட்டிருக்கேடா."
"நான்கூட நெத்தியில மந்திரின்னு எழுதிக்கலாம்."


மார்ச் 7
அதில் கோப்புகளை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மையில் நான்கு ஜிபி. அதற்கு மேல் போடுவதெல்லாம் காற்றோடு போச்சு. விளக்கினேன். அப்பா கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 10
அறுபத்து நாலு ஜிபி. கேமரா ஏற்கும் வகைதானா, எழுதும் வேகம் என்ன, எல்லாம் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். விடட்டும்.

மார்ச் 15
புதுக் கார்டை லேப்டாப்பில் செருகிக் கடைசிச் சோதனை. அப்பழுக்கில்லை. அது ஓடும்போதே, கார்டு இல்லாமலும் ஷட்டர் விழும்படி கேமராவின் அமைப்பை மாற்றி வெளிச்சம் பார்த்துப் பழகினேன். ஏற்பாடு என்றால் இது!

மார்ச் 16
கார்டு லேப்டாப்பில். லேப்டாப் வீட்டில்.

நாற்பத்தோரு படம் 'எடுத்த' பிறகுதான் திரையின் மூலையில் பார்த்தேன் — 'கார்டு இல்லை'. அதற்குள் கையெழுத்தும் முடிந்துவிட்டது.

"நாப்பத்தோரு தடவ சிரிச்சேனேடா, பாவி!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா முன்னால் வந்தார். சட்டைப் பையில் கைவிட்டார். நீட்டினார். அந்தச் சனியன்.

நான்கு ஜிபி நிஜம்தானே? போட்டேன்.

பதிவு அதிகாரியிடம் போய் நின்றேன். "இன்னொரு கையெழுத்தா? ஒரு கல்யாணத்துக்கு ஒண்ணுதான் தம்பி. அடுத்த ஜோடி வெளிய நிக்குது."
மணமக்களைப் பேனா மூடியைக் கழற்றாமல் எழுதுவதுபோல் நடிக்கச் சொன்னேன். அக்கா ஒரு நொடியில் முடித்துவிட்டாள். மாமாவுக்குப் பதற்றம், மூடிய பேனாவாலேயே தேதிவரை எழுதினார். அதிகாரி சரிபார்ப்பதுபோல் குனிந்து பார்த்து, "தேதி சரிதான்" என்றார்.

ஏப்ரல் 2
கூடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியாயிற்று. பேனா மூடியை இதுவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன தெளிவு!" என்றார்.

"ரெண்டு டிபி இல்ல?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"ஆமாப்பா" என்றேன்.