பச்சை ரிப்பன் கட்டிய பாட்டில்

பாத்ரூம் கதவுக்கு வெளியே தஸ்பீஹ் மணியோடு நின்று எனக்கு நேரம் சொன்ன என் அம்மாவுக்கு,

நீ போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அத்தா செருப்புக் கடையைத் திறக்கிறார், சாத்துகிறார். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். உன்னிடம் ஒரு நாளாவது அப்படி இருந்திருக்கிறாரா?

விஷயம் அதுவல்ல. உன் படம் இருந்த பிலிம் ரோலைக் கழுவிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செல்லில் உன்னைப் படம் எடுக்க விட்டதே இல்லை நீ. செல்லைத் தூக்கினால் போதும், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாய். "நீ இங்க எடுத்தா வில்லியனூர் பூரா போவுது. எவன் எவன் செல்லுலயோ நான் இன்னாத்துக்குடி இருக்கணும்?" என்பாய். சண்டே மார்க்கெட்டில் பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கிவந்து, கறுப்பு வெள்ளை ரோலை நம் வீட்டு பாத்ரூமிலேயே நான் கழுவ ஆரம்பித்த பிறகுதான் உன் மனசு இளகியது. செல்லில் எடுக்க மாட்டேன், ஸ்டூடியோக்காரன்கூடப் பார்க்க மாட்டான் என்று சத்தியம் செய்தேன். "நீயே எடுத்து நீயே கழுவுறதுன்னா சரி. ஆனா செவுத்துல மாட்டக் கூடாது."

அதற்கப்புறம் உன் அட்டகாசம் தாங்கவில்லை. வெளிச்சம் படாமல் ரோலை டப்பாவுக்குள் சுற்ற இருட்டுப் பை வேண்டும் என்றேன். பழைய புர்கா இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தைத்துக் கொடுத்தாய். அதன் கைகள் வழியாகவே நான் கையை விட்டுக்கொள்வேன். ரோல் கழுவும் மருந்து இரண்டும் ஒரே மாதிரி சர்பத் பாட்டிலில் இருந்ததால், முதலில் ஊற்ற வேண்டிய டெவலப்பருக்குப் பச்சை ரிப்பன் கட்டினாய். செல்லில் டைமர் இருந்தும் நீ மணி உருட்டித்தான் நேரம் பார்ப்பாய். "மூணு சுத்து முடிஞ்சுது, கீழ ஊத்துடி!"

ஒவ்வொரு தடவையும் கேட்பாய், "மொதல்ல ஒரு துண்டு போட்டுப் பாத்தியா?" ரோலின் முனையில் வெட்டிய துண்டை மருந்தில் போட்டால் கறுக்க வேண்டும், கறுத்தால் அது டெவலப்பர். வெளுத்துப்போனால் அது ஃபிக்ஸர். அதை முதலில் ஊற்றினால் அத்தனை படமும் கரைந்துவிடும். சொன்னதையே சொல்கிறாயே என்று உன்மேல் எரிந்து விழுவேன்.

உன் ரோலில் முப்பத்தாறு படம். ஏழு மாதமாக எடுத்தேன். முக்காடு இல்லாமல் தலை காயவைத்தபடி, அத்தாவைக் கிண்டல் செய்து சிரித்தபடி. கடைசிப் படம் எடுத்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

நாற்பதாம் பாத்திஹா முடிந்த அன்று அத்தா கேட்டார். "அம்மா ரோலு அப்டியே இருக்குதாம்மா? கழுவேன். ஒண்ணே ஒண்ணு குடு, போதும்." கல்யாணத்திலும் நீ படம் எடுக்க விடவில்லையாம். ஆதார் அட்டையில் கடுகடுவென்று பார்க்கிறாயே, அந்த முகம்தான் அவரிடம் இருக்கிறது. சுவரில் மாட்டக் கூடாது என்ற உன் உத்தரவை மதித்து, பீரோ கதவின் உள்பக்கம் டபுள் டேப் ஒட்டி இடம் தயார் செய்துவைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் கடைக்குப் போனதும் கழுவினேன். பச்சை ரிப்பனைப் பார்த்து ஊற்றினேன். அழுது அழுது மூக்கடைத்திருந்ததில் மருந்தின் வாடை வித்தியாசம் தெரியவில்லை. துண்டு போட்டுப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே கேட்க ஆளில்லை.

டப்பாவைத் திறந்தேன். முழு ரோலும் கண்ணாடியாக இருந்தது. கேமரா எப்படி இருந்தாலும் ஓரத்தில் தானாக வரவேண்டிய நம்பர்கூட இல்லை. கேமரா கோளாறு என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை அம்மா.

பிறகுதான் பெரியம்மாவிடம் கேட்டேன். பாத்திஹாவுக்காக வீட்டைத் துடைத்தபோது பாட்டில் இரண்டும் பிசுபிசுவென்று இருந்ததாம். "ரிப்பன அவுத்து, பாட்டில தொடச்சி, உங்கம்மா கட்டின மாரியே திருப்பிக் கட்டி வச்சேன்டி. ஏன், இன்னா ஆச்சி?" ஒன்றுமில்லை என்றேன். அக்கறையாகத்தான் கட்டியிருக்கிறாள். பாட்டில் மாறிவிட்டது.

அத்தா தினமும் சாப்பிட உட்காரும்போது கேட்பார், "காஞ்சிடுச்சாம்மா?" "இன்னும் காயுது அத்தா" என்பேன். பத்து நாளாகவா ஒரு பிலிம் காயும்? நேற்று அவர் கேட்கவில்லை. துணி அடுக்க பீரோவைத் திறந்தேன். டேப்பை உரித்து எடுத்திருந்தார்.

முப்பத்தாறையும் வாயாலாவது அவருக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பதினான்குக்கு மேல் வரவில்லை. சிரித்தால் உனக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும்? அதுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திருட்டுத்தனமாக செல்லில் ஒன்றாவது எடுத்திருக்கலாம். சத்தியத்தைக் காப்பாற்றித் தொலைத்தேன்.

இன்று அசர் தொழுதுவிட்டு அத்தா டீ குடிக்க வருவார். அந்த வெறும் ரோலை அவர் கையில் கொடுத்துவிடுவேன். ரிப்பன் கதையைச் சொல்ல மாட்டேன், பெரியம்மா பேரை எடுக்க மாட்டேன். நான்தான் அழித்தேன் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. முதல் வாக்கை எப்படிக் காப்பாற்றினேன் என்று உனக்கே தெரியும். நீ கேட்டபடியே உன் முகத்தை எவனும் பார்க்கவில்லை அம்மா. அத்தாவும் பார்க்கவில்லை.

ஒரு துண்டு போட்டுப் பார்க்காத உன் மகள்,
ஷமீமா