பிரித்துப் படிக்காத மூன்று ஓலைகள்

பூங்குளத்தில் மதகு திறப்பு விழாவில் ஒருவன் எய்த கணைகளால் மாண்ட பத்தொன்பது பேருக்கும் தலைக்குப் பன்னிரண்டு பொன் என விலை கட்டி, அதைத் தட்டத்தில் வைத்து அவரவர் வாசலில் நீட்டி, அழுத கண் காயுமுன் பெற்றுக்கொண்டோம் என்று எழுதியும் வாங்கிக்கொண்ட தென்கரை நாடாள்வாரும் கருவாற்றுக் காவலருமாகிய வெட்சிராயர் அவர்களுக்கு, முகில்வெற்பையும் அதன் ஏழு துறைகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் சேந்தவேள் மன்னரின் ஆணைப்படி, சுங்கநாயகம் ஏறன்சாத்தன் எழுதுவித்த ஓலை. தங்கள் ஏரிகள் நிரம்புக. தங்கள் குடிகள் விழாவுக்குப் போனபடியே வீடு திரும்புக.

வெறிபிடித்த மனத்தை எந்த அரசாணையும் தடுக்காது என்றும், ஐங்கணை வில்லின் விற்பனையை நிறுத்தினால் குடிகள் காட்டுப்பன்றிக்கு இரையாவர் என்றும் தாங்கள் எழுதிய விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. அவையோர் தலையசைத்தனர். சுங்கநாயகம் மட்டும் அசைக்கவில்லை. அவர் உப்பு வணிகர் குடியில் பிறந்தவர். தராசு முள்ளைப் பார்க்குமுன் விற்பவன் முகத்தைப் பார்க்கப் பழகியவர். கேளாமலே ஒருவன் தன் சரக்குக்குச் சமாதானம் சொன்னால், மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஆகவே பரிவாரமின்றி ஒரு கோவேறு கழுதைமேல் தென்கரைக்குப் புறப்பட்டார். தாங்கள் தோரணம் கட்டியது மேற்கு வாயிலில். அவர் நுழைந்தது கிழக்கு வாயிலில். அந்தப் பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறார்.

முதலில் பன்றி வேட்டுவரைக் கண்டார். கைப்பிடியைச் சுழற்றினால் ஒரு மூச்சில் ஐந்து கணை விடும் அந்த வில் வேட்டைக்கு உதவுமா என வினவினார். முதல் கணை தைத்ததும் பன்றி புதருக்குள் பாய்ந்துவிடும், மிச்ச நான்கையும் நின்று வாங்கிக்கொள்ள அது என்ன மாமன் வீட்டுச் சீரா என்று அவர்கள் திருப்பிக் கேட்டனர். வில் செய்யும் பட்டறை யாருடையது என்று கேட்டபோது, அங்கிருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அந்த இருமலைச் சுங்கநாயகம் குறித்துக்கொண்டார்.

பிறகு பூங்குளத்து மதகில் மீன்காரிகளைக் கண்டார். மூன்றாண்டுக்கு முன் இதே விழாவில் ஒருவன் அரிவாளோடு கூட்டத்தில் புகுந்தானாம். இருவரை வெட்டினான், மூன்றாமவரை எட்டுமுன் இப்பெண்கள் அவனைக் கூடையால் அடித்துக் கவிழ்த்து, காவலர் வரும்வரை அவன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தனர். வெட்டுப்பட்ட இருவரும் இன்றும் நடமாடுகின்றனர். இம்முறையும் அதே பெண்கள் கூடையோடு ஓடினர். அவர்களில் நால்வர் அந்தப் பத்தொன்பதில் அடக்கம். மனத்தின் வெறி அன்றும் இன்றும் ஒன்றே. கையில் இருந்ததுதான் வேறு. விண்ணப்பத்தில் தாங்கள் இதை எழுதவில்லை. ஓலையில் இடம் போதவில்லை போலும்.

இனி, ஆணையே இல்லையோ என்றால், இருக்கிறது. ஐங்கணை வில் கேட்பவனைப் பற்றி வீட்டாரும் அண்டையாருமாக மூவர் தனித்தனியே எழுதி, மூன்று ஓலையையும் ஒன்றாக நூல்சுற்றி, கேட்பவன் அறியாமல் ஊர்க்காவலன் வழியே தங்கள் ஓலைச்சாலைக்கு அனுப்ப வேண்டும், அங்கே படித்து முத்திரை இட்டால்தான் வில் விற்கலாம் என்பது மன்னரின் பாட்டனார் வகுத்த முறை. பூங்குளத்தில் கொன்று, அங்கேயே மாண்டவனுக்கும் அப்படி ஒரு கட்டு வந்திருந்தது. அதன்மேல் தங்கள் முத்திரையும் இருந்தது. நூலின் முடிச்சு மட்டும் அவிழ்க்கப்படவில்லை.

சுங்கநாயகம் அவிழ்த்தார். முதல் ஓலை, நல்லவன் என்றது. இரண்டாவது, அதிகம் பழக்கமில்லை என்றது. மூன்றாவது அவன் தமக்கை கொற்றி எழுதியது: ஐயா, இவன் என் உடன்பிறந்தான், இரண்டு திங்களாக உறங்குவதில்லை, மதகு திறக்கும் நாளில் பூங்குளத்தாரைத் தீர்ப்பேன் என்கிறான், வில் கொடுத்துவிடாதீர்கள், நான் எழுதினேன் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஓலைக்கணக்கன் பூதனை அழைத்து வினவியபோது அவன் உரைத்ததாவது: மூன்று ஓலை இருந்தால் முத்திரை இடு என்றார்கள், எண்ணினேன், மூன்று இருந்தது, இட்டேன், படி என்று இருபது ஆண்டில் ஒருவரும் சொல்லவில்லையே ஐயா.

கொற்றியின் கணவனும் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். பன்னிரண்டு பொன்னும் அவள் வீட்டுத் தட்டத்தில் வைத்தபடியே இருந்தது. எழுதினேனே, வந்து சேரவில்லையா என்று அவள் ஒன்றே கேட்டாள்.

அரசாணையால் இத்தகைய கொலைகளை எல்லாம் தடுக்க இயலுமா எனச் சுங்கநாயகத்திடம் மன்னர் வினவினார். எல்லாம் என்று வாக்களிப்பவனிடம் தாம் எதையும் வாங்குவதில்லை என்றும், ஒன்றுமே இயலாது என்று அடித்துச் சொல்பவனின் கிடங்கைத் திறந்து பார்ப்பதே தம் தொழில் என்றும் அவர் விடை பகர்ந்தார். பார்த்தும் விட்டார். ஓலைச்சாலையின் கட்டுகள் அனைத்தும் பத்து நாளில் பிரித்துப் படிக்கப்பட்டன, ஒன்று நீங்கலாக.

அந்த ஒன்று, தங்கள் இளைய மகன் கண்டனுக்காக வந்த கட்டு. பூங்குளத்துக் கொலைக்கு மறுநாளே தங்கள் அரண்மனை ஆள் வந்து எடுத்துப் போனான் என்கிறான் பூதன். எழுதிய மூவரில் ஒருவர் கண்டனைப் பெற்ற தாய் என்கிறான் ஊர்க்காவலன். நாடாள்வாரே, அதைத் தாங்கள் பிரித்தீரா, படித்தபின் மறைத்தீரா என்று இவ்வோலை கேட்கவில்லை. தென்கரைத் தேரோட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறது.

ஆதலால், இவ்வோலை கொணரும் தூதன் முன்னிலையில் அக்கட்டைப் பிரித்து, அதில் உள்ளதை உரக்கப் படித்து, மகனின் வில்லைத் தங்கள் கையாலேயே ஒப்படைக்கக் கடவீர். படிக்காத கட்டின்மேல் முத்திரை இட்ட கை இனி முத்திரை ஏந்தாது. தென்கரையில் மறு ஆணை வரும்வரை ஐங்கணை வில் ஒன்றும் விலைபோகாது. இது மன்னர் திருவாய்மொழி. முகில் இலச்சினை இட்டோம்.

இலச்சினையின் கீழ், சுங்கநாயகம் தம் கையால் எழுதிய கணக்கு: பதிந்த கட்டு முந்நூற்று நாற்பது. படித்தது முந்நூற்று முப்பத்தொன்பது. வில் கொடாதீர் என்றது எட்டு. அவற்றுள் ஒருவரையும் கொல்லுமுன் மீட்ட வில் ஏழு. பூங்குளத்துக்குப் போனது ஒன்று. பாக்கி, கட்டு ஒன்று, வில் ஒன்று. இரண்டும் தங்கள் வீட்டில்.