பாசி என்று சுரண்டியது

மார்ச் 3
எழுத்துகள் ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் நிற்கின்றன. வரிகள் சரிந்து இறங்குகின்றன. பின்னால் எடுத்துப் படிக்கும்போது நானே என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும். அறுபத்தொன்பது வயதுக் கை இது. பேனா பிடித்து ஏழு மாதம்தான் ஆகிறது. சொல்லிக் கொடுத்தது மருமகள். "மாமா, 'ழ' எழுதச் சொன்னா யானை வரையறீங்க" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்கு எழுத வருகிறது!

மார்ச் 5
கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, மாத்திரை அட்டை, பஸ் பலகை. "இத்தனை வருஷத்துல என் முகத்தை ஒருநாள் இப்படி உத்துப் பாத்திருப்பீங்களா?" என்கிறாள் என் மனைவி.

நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, தரை பெருக்கும் பெரணிச் செடி ஆராய்ச்சிக் கூடத்தின் நடையில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக மாட்டியது. பதினோரு வருடமாக அதைத் துடைக்கிறேன். இன்றுதான் முதல் வரியைப் படித்தேன். பெரணிக்குப் பூ கிடையாதாம். காய் இல்லை, விதை இல்லை. திக்கென்றது. இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றியும், இது ஏன் பூக்கவில்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே!

மார்ச் 6
இரண்டாம் வரி. இலையின் அடியில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் நோய் இல்லை. அதற்குள் இருக்கும் தூளிலிருந்துதான் அடுத்த செடி வரும். மலைத்துப் போனேன்.

மார்ச் 9
கூடத்து ஆராய்ச்சியம்மாவின் முகம் வாடியிருந்தது. மூலைத் தொட்டியில் இருக்கும் பெரணி, அந்த வகையில் எங்களிடம் இருக்கும் ஒரே செடி. ஆறாத புண்ணில் இருக்கும் கிருமியை அதன் இலைச்சாறு கொல்கிறது. கண்ணாடித் தட்டில்தான், மனிதர்களிடம் இன்னும் பார்க்கவில்லை. இனி இலை வெட்டினால் செடி போய்விடும். இரண்டு வருடமாக அதன் தூளை ஈர மண் தட்டுகளில் தூவியும் ஒன்றும் முளைக்கவில்லை.

"இங்க இது முளைக்காது பெரியவரே. அப்படியே கட்டுரை எழுதி அனுப்பிட்டேன். இந்த மாசத்தோட இந்த ஆராய்ச்சியை மூடிடலாம்."

மார்ச் 10
மூன்றாம் வரி. 'ஈர மண்ணில் முதலில் பாசி போன்ற மெல்லிய பச்சைப் படலம் தோன்றும். இதுவே பெரணியின் இளம் பருவம்.'

விரல் வைத்து மூன்று தடவை படித்தேன்.

ஐயோ.

சனிக்கிழமைகளில், கூடத்தில் யாரும் இல்லாதபோது, அந்தத் தட்டுகளில் லேசாகப் பச்சை தட்டினாலே கரண்டியால் சுரண்டி எறிவது நான்தான். சுத்தமா இருக்கட்டுமேன்னு. யாரும் சொல்லலை. நானாத்தான் பண்ணினேன். பாட்டுப் பாடிக்கிட்டே பண்ணினேன்.

கை ஓடலை. இன்னைக்கு இது போதும்.

மார்ச் 11
மனைவியிடம் மட்டும் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போகுது? வாயை மூடிக்கிட்டு இருங்க. வேலை போனா வீட்ல உக்காந்து என் உசிரைத்தான் எடுப்பீங்க."



மார்ச் 12
சொல்லிவிட்டேன்.

ஆராய்ச்சியம்மா கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷம், பெரியவரே." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 13
இயக்குநர் முன்னால் போய் நின்றேன். "இவரை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். ஆராய்ச்சியம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னார்:

"அது முளைச்சதைக் கண்ணால பாத்த ஒரே ஆள் இவர்தான் சார். இவரை அனுப்பிட்டு நான் யாரைக் கேக்கறது?"

நானா? பார்த்தவனா?

பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. எந்தத் தட்டில்? எத்தனை வாரத்தில்? எனக்கு எல்லாம் தெரியும்! எதிரியைத் தெரியாமல் இருக்குமா? கிழக்குச் சுவர் ஓரம், குழாய் கசியும் இடம், ஐந்தாம் வாரம். அங்கே சுரண்டி மாளாது. ஜன்னல் மேசைத் தட்டுகளில் வருவது அபூர்வம். "உங்க கைப்பட எழுதிக் குடுங்க" என்றார். ஒன்றரைப் பக்கம். மூன்று மணி நேரம். முளைக்காது என்று அனுப்பிய கட்டுரையை ஆராய்ச்சியம்மா திருப்பி வாங்கிக்கொண்டார்.

மார்ச் 16
புதுத் தூள். ஆறு தட்டு. கிழக்குச் சுவர் ஓரம்.

ஏப்ரல் 22
நாலு தட்டில் பச்சை. கை நமநமவென்றது. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 11
மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். படலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அதிலிருந்து சுருள் சுருளாக என்னவோ கிளம்பி நீந்துகிறது!

"ஆண் உயிரணு, பெரியவரே. தண்ணி இருந்தாத்தான் முட்டைகிட்டப் போய்ச் சேரும்."

செடிக்குள் நீச்சலா? இதையா நான் கரண்டியால்— மனைவியிடம் சொன்னேன். "உங்களைவிடச் சுறுசுறுப்பா இருக்கே" என்றாள்.

ஜூலை 24, வெள்ளி
படலங்களின் நடுவிலிருந்து குண்டூசித் தலை அளவில் சுருண்ட இலைகள் எழுந்து நிற்கின்றன. மூன்று தட்டுகளில் பதினேழு. ஆராய்ச்சியம்மா இரண்டு தரம் எண்ணினார். பிறகு தெளிப்பானை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே தண்ணி விடுங்க. முதல்ல பாத்தவர் நீங்கதானே."

இலை நோகாமல் பொட்டுப் பொட்டாக விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பதினேழும் பதினேழாகவே இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுகிறேன்.