பெரியவரின் கோடு

பிப்ரவரி 11

காலையிலிருந்து மை பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டு. சுடுதண்ணீரில் வைத்துத்தான் திறக்க முடிந்தது. பாதி மை விரலில். அந்தக் கையோடு கதவைத் திறந்தால் பதிப்பகத்திலிருந்து பெட்டி வந்திருக்கிறது. பெரியவரின் பெட்டி.

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். போன மழைக்காலத்தில் போய்விட்டார். அவருடைய நீர்யானைத் தையல்காரரைத் தெரியாத குழந்தை கிடையாது. கழுத்தில் டேப், வாயில் குண்டூசி, குட்டி மிஷின் முன்னால் மூச்சுமுட்ட உட்கார்ந்து கடலுக்குக் கரை தைத்தவர். ஏழாவது புத்தகத்தில், ஒழுகும் மேகம் ஒன்று ஒட்டுப்போடச் சொல்லிக் கடைக்கு வருகிறது. முன்பாதிக்குப் படங்கள் இருக்கின்றன. பின்பாதிக்கு வெறும் வாசகம்தான்.

மீதியை நான் வரைய வேண்டும், அவர் வரைந்த மாதிரியே. அட்டையில் என் பேர் வராது. "குழந்தைங்களுக்கு உறுத்தக் கூடாது மேடம்" என்றார் பதிப்பாசிரியர். "இதை முடிச்சுக் குடுங்க. அடுத்தது உங்க மாடிப்படிதான்."

என் மாடிப்படி. ஒருநாள் காலையில் ஒரு வீட்டின் படி, காலாற நடந்துவிட்டு வரலாம் என்று தெருவில் இறங்கிவிடும். மாடியில் இருப்பவர்கள் மாடியிலேயே. ரொம்ப காலமாக மனதுக்குள் நடந்துகொண்டிருக்கிற படி அது. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். வேறு எதற்கும் இல்லை.

பிப்ரவரி 15

அவர் கோடு பிடிபட மாட்டேன் என்கிறது. தள்ளி நின்று பார்த்தால் சாதாரணக் கோடு. கிட்டே போனால் முழுக்க நடுக்கம், குளிரில் நிற்கிற ஆள் மாதிரி. நான் நெளித்தால் நெளித்தது தெரிகிறது. அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் அவர் படத்தை வைத்து மேலே தாள் போட்டு ஒற்றிப் பார்த்தேன். நீர்யானைக்குப் பதில் காய்ச்சல் கண்ட பன்றி வந்தது.

பிப்ரவரி 16

பன்றி. பன்றி. பன்றி.

மார்ச் 1

பேனாவை நுனியில் பிடிக்கக் கூடாது, வாலில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மேஜையில் ஊன்றாமல் அந்தரத்தில் விட வேண்டும். அப்படி விட்டால் — வருகிறது.

அக்கா வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் வீடு. தினம் ஒரு தடவை வந்து என் சமையலறையைக் குறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"பேர் போடாத வேலைக்கு ஏண்டி இப்படி உயிரை விடுற?"

"அடுத்தது என் புத்தகம்க்கா."

"அவங்க சொன்னாங்க, நீ நம்பிட்ட."

எரிச்சலாக வந்தது. அவள் சொல்வதில் நியாயம் இருக்கும்போதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல் வரும்.

மார்ச் 19

வந்துவிட்டார். தையல்காரர் மேகத்தை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஊசியில் நூல் கோர்க்கிறார். மேகம் கூச்சத்தில் நெளிகிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை, கை தானாகப் போனது. எழுந்து பார்த்தால் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருக்கிறது.

மார்ச் 27

ஜன்னல் காற்றில் தாள்கள் எல்லாம் பறந்து கலந்துவிட்டன. அடுக்கும்போது ஒரு படத்தில் நின்றுவிட்டேன். மேகம் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற படம். இதை வரைந்தது யார்? அவரா, நானா? தெரியவில்லை. கடைசியில் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். அவர் தாள்களில் ஏதோ தைல வாசனை உண்டு. இதில் இல்லை. என்னுடையதுதான்.

பெருமைப்பட வேண்டிய விஷயம். தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 4

பெரியவரின் மனைவி வந்திருந்தார், படங்களைப் பார்த்துச் சம்மதம் சொல்ல. ஒல்லியான அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசித் தாளில் கோட்டின் மேலேயே விரலை ஓட்டினார்.

"அவர் கைதான்மா இது."

அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

"இந்த நடுக்கத்தை எப்படிப் புடிச்ச?"

"ரொம்ப பழகினேன்மா. அவரோட ஸ்டைலே அதுதானே."

சிரித்துவிட்டார். "ஸ்டைலா? அது வியாதிம்மா. முன்னெல்லாம் அவர் கோடு கம்பி மாதிரி இருக்கும். இந்த நீர்யானை பொறந்ததே கை நடுங்க ஆரம்பிச்ச அப்புறம்தான். டம்ளரை எடுத்தா பாதி தண்ணி சட்டையில. ஊரே 'என்ன ஒரு கோடு'ன்னு கொண்டாடிச்சு. அவரும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து, கையை மடியில வச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பார்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார். இத்தனை நாளும் நான் எதைப் பழகிக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 6

மாடிப்படியை எடுத்தேன். சும்மா ஒரு படம், முதல் பக்கம். படி வாசலைத் தாண்டித் தெருவில் காலை வைக்கிற இடம். நேர்கோடுகள்தான், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

நடுங்குகிறது.

பேனாவை நுனியில்தான் பிடித்திருந்தேன். மணிக்கட்டு மேஜையில்தான் இருந்தது.

ஏப்ரல் 7

ஒண்ணுமில்ல. களைப்பு. ஒண்ணுமில்ல.

ஏப்ரல் 18

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தேன், பள்ளிக்கூடத்தில் கூட அப்படிச் செய்ததில்லை. "நரம்புல ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச நாள் வரையாம இருங்க" என்றார். வெங்காயம் நறுக்கும்போது நடுங்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போதும் இல்லை. வரையும்போது மட்டும்.

அப்படியென்றால் இது என் கை இல்லையா? எனக்குள் உட்கார்ந்துகொண்டு கையை அழுத்துவது யார்? எனக்கு பயமா இருக்கு. அக்காவிடம் சொன்னால் சாமியாரிடம் கூட்டிப்போவாள்.

ஏப்ரல் 25

ஸ்கேல் வைத்து வரைந்தேன். நேராக வந்தது. செத்த படி. அது எங்கேயும் நடந்து போகாது. கிழித்துப் போட்டேன்.

மே 9

நீர்யானை முடிந்தது. ஒட்டுப்போட்ட மேகம் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. பதிப்பாசிரியர் போனில் குதிக்கிறார். "பெரியவரே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு மேடம்."

ஆமாம், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 14

நடுங்கினால் நடுங்கட்டும் என்று படியை வரைந்து முடித்துவிட்டேன். கதை என்னுடையது, ஒவ்வொரு படியும் என்னுடையது. பூங்காவில் படி பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார முயன்று முடியாமல் படுத்துக்கொள்கிற பக்கத்துக்கு நானே சிரித்தேன். அக்கா மகள் வாண்டு வந்தாள். எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

"சித்தி, இந்தப் படியையும் அந்தச் செத்துப்போன தாத்தாதான் வரைஞ்சாரா?"

நான் வரைஞ்சதுடி என்றேன். நம்பவில்லை. பிஸ்கட் கேட்டாள்.

ஜூன் 24

பதிப்பகத்துக்குப் போனேன். பதிப்பாசிரியர் படியை இரண்டு தடவை புரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அருமை மேடம். ஆனா இது உங்க கோடு இல்லையே. உங்க பேர்ல போட்டா பெரியவரைக் காப்பி அடிச்சதா சொல்லுவாங்க."

"அப்போ?"

"பெரியவர் பெட்டிக்கு அடியில கெடைச்சதுன்னு போடலாமே? குழந்தைங்களுக்கும் சந்தோஷம், அவர் வீட்டம்மாவுக்கும் சந்தோஷம். நானே அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

எழுந்து அறைந்திருக்க வேண்டும். யோசிக்கிறேன் என்று சொல்லி, படங்களை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 26

யோசிக்கிறேன், அதுதான் கேவலம். என் பேரில் வந்த பழைய புத்தகங்கள் கடையில் கீழ்த்தட்டில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அவர் பேரில் வந்தால் என் படி ஊரெல்லாம் நடக்கும். குழந்தை அட்டையில் பேரா பார்க்கிறது? ஆனால் அப்புறம் நான் யாரு? பேனா ஸ்டாண்டா?

ஜூலை 12

போன்கூடச் செய்யாமல் பெரியவரின் மனைவி வந்தார். உட்காரவில்லை.

"பெட்டி அடியில ஒரு மாடிப்படிக் கதை கெடைச்சுதாம். பதிப்பாசிரியர் காட்டினார்."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பெட்டியைக் கட்டினதே நான்தான்மா. ஒவ்வொரு தாளா தொடைச்சு அடுக்கினேன். அதுல படி எதுவும் கிடையாது. ஆனா பார்த்தா அவர் கோடுதான். எனக்குத் தெரியாம வரைஞ்சிருப்பாரோன்னு... அதுலேர்ந்து வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன். கட்டிலுக்கு அடியில, பரண்ல. இன்னும் ஏதாவது இருக்குமோன்னு." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லு. அவருதுன்னா அவருதுன்னு சொல்லிடு. நான் நம்பிக்கிறேன்."

'அவருது' என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். போய், மறுபடி தேட ஆரம்பித்திருப்பார்.

"என்னோடதும்மா."

"கோடு?"

"கோடு அவருது. படி என்னோடது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ இனிமே எதுவும் வராதுல்ல" என்றார்.

"இல்லம்மா."

அப்போதுதான் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜூலை 15

பதிப்பாசிரியர் போன். அந்த அம்மா நேரில் போய், 'என் வீட்டுக்காரர் வரையாத படத்துக்கு அவர் பேரைப் போடாதீங்க, அந்தப் பொண்ணு பேரைப் போடுங்க' என்று சொல்லிவிட்டாராம். "அவங்ககிட்ட ஏன் மேடம் சொன்னீங்க? சரி, உங்க பேர்லயே போடறேன். நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னா என்னைக் கேக்காதீங்க."

கேட்க மாட்டேன் என்றேன்.

நவம்பர் 8

புத்தகம் வந்துவிட்டது. என் பேர் கொஞ்சம் சின்ன எழுத்தில். அக்கா பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாள்: 'பெரியவரின் நிழலில் நடக்கும் படி.' "எழுதினவன் மூஞ்சியில..." என்று ஆரம்பித்தாள். விடுக்கா என்றேன். அவன் எழுதியது பொய்யும் இல்லை.

நவம்பர் 21

கை அப்படியேதான் இருக்கிறது. புது டாக்டரைப் பார்க்கவில்லை.

நவம்பர் 30

பெரியவரின் மனைவி போன் செய்தார். நான் அனுப்பிய பிரதி வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல், தானே கடைக்குப் போய்ப் படியை வாங்கிவிட்டாராம். அலமாரியில் நீர்யானைப் புத்தகங்கள் ஏழுக்கும் பக்கத்தில் எட்டாவதாக வைத்திருக்கிறார்.

"உன் பேர் தெரியிற மாதிரிதான் வச்சிருக்கேன். அங்க வச்சது உனக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

பிறகு ரொம்ப சாதாரணமாக, "அடுத்தது எப்போம்மா?" என்று கேட்டார்.

என்னுடைய அடுத்ததா, அவருடைய அடுத்ததா என்று நான் கேட்கவில்லை. வரைந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.